வடகரையில் வட்டமிடும் பறவைகள்

ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாளவிகா ஓடிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதத்துச் சேறு ஷூவைப் பிடித்து இழுத்தது. தலையில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தோளில் விழ, கீமோவுக்குப் பிறகு இப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்த குட்டை முடிக்குள் குளிர் இறங்கியது. மார்பில் ஆபரேஷன் செய்த இடம் ஒவ்வோர் அடிக்கும் சுண்டி இழுத்தது. அவள் நிற்கவில்லை. கையிலிருந்த போனில், அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோ ஊர்த் தமிழர்களின் பறவை குரூப்பில் சற்றுமுன் வந்த செய்தி.

'தென்கரை, படகுத்துறைப் பக்கம். டர்க்கி வல்ச்சர் ஒரு கூட்டமே இறங்கியிருக்கு. கீழே ஏதோ கிடக்கு.'

ஏதோ. அது யாராக இருக்கலாம் என்று அனுப்பியவருக்கும் தெரியும், படித்தவர்களுக்கும் தெரியும். எதற்கெடுத்தாலும் கட்டைவிரலும் பூவும் போடுகிற குரூப், இதற்கு மட்டும் ஒன்றும் போடவில்லை.

"அம்மிணி, நில்லு! சேத்துல வராத!"

குரல் பக்கவாட்டிலிருந்து வந்தது. மாமனார் நஞ்சுண்டன். விடிவதற்கு முன்பே ஏரிக்குக் கிளம்பிவிடுகிறவர். மகனுடைய பழைய குளிர் ஜாக்கெட், அதற்குக் கீழே மடித்துக்கட்டிய வேட்டி, வேட்டிக்குள் தெர்மல், தலையில் குரங்குக் குல்லா. வடக்குப் பக்கப் பாதையிலிருந்து மூச்சிரைக்க வந்தவர், அவளை முந்திக்கொண்டு படகுத்துறைச் சரிவில் இறங்கினார். தரையில் குந்தியிருந்த கறுப்புப் பிணந்தின்னிக் கழுகுகள் சிவந்த மொட்டைத் தலைகளை நிமிர்த்திப் பார்த்தன. ஒவ்வொன்றாக, மனசே இல்லாமல் எழும்பின.

மாளவிகா மேலேயே நின்றுவிட்டாள். 

கீழே குனிந்து பார்த்த நஞ்சுண்டன் நிமிர்ந்தார்.

"மானு. மான்தான் கண்ணு. வேற ஒண்ணுமில்ல."

அவள் சேற்றிலேயே உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வாந்திதான் வந்தது.

*

மாளவிகாவின் கணவன் யுவராஜ் காணாமல் போனது பிப்ரவரியில்.

கோபிச்செட்டிபாளையத்துக்காரன். வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியும், ஐஸ் தெரியாது. ஜனவரியில் இதே ஏரியின் நடுவில் நின்று குரூப்போடு போட்டோ எடுத்துக்கொண்டான். அந்த ஐஸும் பிப்ரவரி ஐஸும் ஒன்று என்று நினைத்துவிட்டான்.

லூன் என்று ஒரு நீர்ப்பறவை. தண்ணீர்மேல் வெகுதூரம் ஓடித்தான் அதனால் பறக்க முடியும். ஏரி இறுகி இறுகி, கடைசியில் ஒரு சின்னக் குட்டையளவு தண்ணீரில் அது மாட்டிக்கொண்டது. எழும்ப இடமில்லை. குரூப்பில் போட்டோ வந்தது. 'பாவம்' என்று எல்லோரும் எழுதினார்கள். யுவராஜ் எழுதவில்லை, போனான். மாளவிகாவின் கீமோ முடிந்த வாரம் அது. "ஏதாவது ஒண்ணையாவது காப்பாத்தணும் போல இருக்குடி" என்று முந்தின நாள் அவளிடம் சொல்லியிருந்தான்.

கார் பார்க்கிங்கில் நின்றது. ஐஸ்மேல் காலடிகள் போயிருந்தன. அவை முடிந்த இடத்தில் கறுப்பாகத் தண்ணீர். லூனும் இல்லை.

போலீஸ் டைவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். பிறகு ஐஸ் மழை பெய்து ஏரி மறுபடி மூடிக்கொண்டது. "தண்ணீர் சூடாக வேண்டும். அப்போதுதான் மேலே வருவார். ஏப்ரலில் மறுபடி படகு கொண்டுவருகிறோம்" என்றார் அதிகாரி. அதுவரை ஃபைலில் அவன் பெயருக்கு எதிரே 'காணவில்லை' என்றுதான் இருக்கும்.

மருமகளின் ஆபரேஷனுக்குத் துணையாக விசிட்டர் விசாவில் வந்திருந்த நஞ்சுண்டன், அன்றைக்குப் பறவை குரூப்பை நடத்துகிற அனந்தராமனைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கூர்ல வாய்க்கால்ல ஆளு போயிட்டா, தண்ணியப் பாக்கமாட்டமுங்க. வானத்தத்தான் பாப்போம். பருந்து எங்க சுத்துதோ அங்க வலையப் போடுவோம். உங்க ஆளுங்க காலையில வந்து குருவி பாக்கறாங்கல்லோ? அப்பிடியே இதையும் பாக்கச் சொல்லுங்க."

அனந்தராமன் மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் பார்த்து ரிட்டயர் ஆனவர், மயிலாப்பூர்க்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சொல்றேன் சார்" என்றார். 

அதிலிருந்து வசந்த காலத்து முதல் ரெட்-விங்டு பிளாக்பேர்டு வந்த செய்திக்கும், முதல் ட்ரீ ஸ்வாலோ வந்த செய்திக்கும் நடுவில், கழுகுகளின் செய்தியும் வந்துகொண்டிருந்தது.

*

"இன்னும் எவ்வளவு பாக்கி அம்மிணி?"

ரூட் ஒன்னில் டிராஃபிக் நகரவில்லை. மாளவிகா ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். வாரநாள் தவறாமல் ரேடியேஷன். வாரநாள் தவறாமல் மாமனாரின் இதே கேள்வி.

"தினம் தினம் கேக்காதீங்க மாமா. முடிஞ்சா நானே சொல்றேன்."

"நடுவுல ஒருநாள் விட்டுப்போட்டா?"

"விடக்கூடாது. விட்டா இதுவரைக்கும் குடுத்தது வேஸ்ட்."

"அப்ப விடவே கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அவர் கேட்க நினைத்ததை அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இமிக்ரேஷன் வக்கீல் ஸ்ரீநிவாஸ் ஸ்பீக்கரில் பேசியபோது, பிப்ரவரிக் கடைசியில், இருவருமே இதே காரில்தான் இருந்தார்கள்.

"மாளவிகா, பச்சையா சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கம்பெனி அவரை லீவ்ல வெச்சிருக்கு. காணாமப் போனவர்ங்கிற வரைக்கும் சம்பளமும் இன்சூரன்ஸும் ஓடும். பாடி கிடைச்சு டெத் சர்ட்டிஃபிகேட் வந்துடுச்சுன்னா, அன்னியோட அவரோட எச்-ஒன்-பி வேலை விசா இல்ல. அது மேலதான் உங்க எச்-ஃபோர் நிக்குது. இன்சூரன்ஸையாவது கையைக் காலைப் பிடிச்சு இழுக்கலாம். விசாவ இழுக்கறது கஷ்டம். ஏதாவது அப்ளை பண்ணிப் பாக்கலாம், ஆனா ட்ரீட்மென்ட் நடுவுல நிக்காதுன்னு என்னால கியாரண்டி குடுக்க முடியாது."

"அதனால?"

"அதனால ஒண்ணும் இல்ல. ஏப்ரல்ல போலீஸ் தேடட்டும். அதுக்குள்ள நீங்க ரேடியேஷனை முடிச்சுடுங்க."

போனை வைத்ததும் மாளவிகா வெடித்தாள்.

"அவன் கிடைக்காம இருக்கணும்னு நான் சாமி கும்பிடணுமா? அவன் அங்க தண்ணியில கிடப்பான், நான் இங்க அவன் இன்சூரன்ஸ்ல படுத்துக்கிட்டு உடம்பைத் தேத்தணுமா? வேண்டாம் மாமா. எனக்கு அவன் வேணும். இன்னிக்குக் கிடைச்சா இன்னிக்கே வேணும். என் வைத்தியம் எக்கேடோ கெட்டுப் போகட்டும்."

நஞ்சுண்டன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உன்ற இஷ்டம் கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

*

வீட்டில் அரிசிம்பருப்புச் சோற்றின் வாசம். மாமியார் சாந்தாமணி குக்கரைத் திறந்து நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தாள். மருமகளுக்குத் தனியாகக் குழைய வைத்த சோறு, கொள்ளு ரசம். அவள் கை வேலையை நிறுத்துவதே இல்லை. நிறுத்தினால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் நினைக்க வேண்டும்.

"ஊர்லருந்து உங்க தங்கச்சி போன் பண்ணுனாளுங்க" என்றாள் கணவனிடம். "அம்மாவாசை வருதாம். பொம்மை செஞ்சு வெச்சாவது காரியத்த முடிங்கங்கறா. இல்லீன்னா அவன் அலைவானாமா. வேற எத வேணா சொல்லட்டும், காக்காய்க்குச் சோறு மட்டும் நான் வெக்கமாட்டேன். வெச்சா எம்பையன் செத்துப்போனான்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. மூஞ்சியப் பாக்காம வெக்கமாட்டேன்."

"வெக்க வேண்டாம்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"சோத்தப் போடு."

"கேட்டா பதில் சொல்லமாட்டீங்களே! விடிஞ்சா ஏரி, பொழுதுபோனா ஏரி. அங்க என்னத்தத்தான் பண்றீங்க? வேட்டியப் பாருங்க, முட்டி வரைக்கும் சேறு. இந்த மிஷின் தொவைக்கிற சேறா இது?"

"தேடறேன்."

"தேடித் தேடி எளச்சுட்டீங்க" என்றாள் சாந்தாமணி, குரல் இறங்கி. இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

*

ஞாயிறு காலை அனந்தராமன் டெலஸ்கோப்பைத் தென்கரையில் நிறுத்தியிருந்தார். ஐஸ் முழுக்க விட்டிருந்தது. ஏரி ஈயத் தகடு மாதிரிக் கிடந்தது. குளிருக்குப் பயந்து மற்றவர்கள் வரவில்லை. மாளவிகா தெர்மாஸிலிருந்து காபி ஊற்றினாள்.

"நஞ்சுண்டன் சார், இங்க வந்து பாருங்கோ. கறுப்பா நீந்தறது பாத்தேளா? அமெரிக்கன் கூட்."

நஞ்சுண்டன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இது நம்மூரு நாமக்கோழிங்க. பவானிசாகர் டேம்ல நெறையக் கெடக்கும். நெத்தியப் பாருங்க, வெள்ளையா நாமம். உங்க ஊட்டு ஆளாட்டத்தான் இருக்குது."

"ஓய், நாங்க பட்டை. நாமம் இல்லை. அறுபது வயசுக்கு மேல என்னை மதம் மாத்தாதேயும்."

மாளவிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பைப் பார்த்து மூவருமே ஒரு கணம் பயந்து போனார்கள்.

"அதோ, அது? மீனத் தூக்கிட்டுப் போகுதே?"

"ஆஸ்ப்ரே! இந்த வருஷத்து முதல் ஆஸ்ப்ரே! ஹையா, நான்தான் ஃபர்ஸ்ட்!"

"விராலடிப்பானுங்க அது."

"ஆஹா, என்ன பேரு! இனிமே குரூப்ல இதையே போட்டுடறேன்." ஆஸ்ப்ரே போன திசையிலேயே டெலஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு போன அனந்தராமன், சட்டென்று கையை நிறுத்தினார். முகம் மாறியது.

"மாளவிகா..."

"என்ன அங்கிள்?"

"வடகரை. நாணல் ஓரம். ரெண்டு ஈகிள், மேல வல்ச்சர். மரத்து மேலயும் வரிசையா உக்காந்திருக்கு. அந்தப் பக்கம் ஈகிள் கூடு கட்றதுன்னு டிரெயிலை மூடிட்டா. அதனால நம்ம ஆட்கள் யாரும் போகலை. நான் பார்க்குக்குப் போன் பண்றேன்."

காபி கீழே சரிந்தது. மாளவிகா நடக்கத் தொடங்கிவிட்டாள். நஞ்சுண்டன் அவள் குறுக்கே வந்து நின்றார்.

"நில்லு. அது செத்த வாத்து."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போயிப் பாத்தேன்."

"கயிறு கட்டி மூடியிருக்காங்களே மாமா!"

"கயித்தத் தாண்டிப் போனேன். அந்தப் பெரிய வாத்து, கழுத்து கறுப்பா இருக்குமே, அது நாலஞ்சு சீக்கு வந்து செத்துக் கெடக்குது. நாத்தம். குழி தோண்டிப் பொதச்சேன். எல்லாத்தையும் பொதைக்க முடியல."

அனந்தராமன் போனைக் கீழே இறக்கினார்.

"பொதைச்சேளா? கையால தொட்டேளா? ஓய், உமக்குப் புத்தி இருக்கா! பறவைக் காய்ச்சல் பரவிண்டிருக்கு, செத்த வாத்தைத் தொடாதேன்னு பார்க் வாசல்லயே போர்டு வெச்சிருக்கா. ஆத்துல இந்தப் பொண்ணு ரேடியேஷன்ல இருக்கா, உடம்புல எதிர்ப்பு சக்தியே கிடையாது. நீர் அந்தக் கையோட ஆத்துக்குள்ள போய்ச் சோறு சாப்பிடறீர்!"

நஞ்சுண்டன் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு வாங்குகிற பையனைப் போல் நின்றார்.

"தப்புத்தானுங்க."

"போன் பண்ணி அள்ளச் சொல்லணும்."

"வேண்டாமுங்க." நஞ்சுண்டன் இரண்டு கையையும் கூப்பினார். "நான் விசிட்டர். மூடுன எடத்துக்குள்ள போயிக் குழி தோண்டுனேன்னு தெரிஞ்சா, பிடிச்சு ஏத்தி ஊருக்கு அனுப்பிப்போடுவாங்க. மருமகள யாரு பாப்பாங்க? கொஞ்ச நாளு பொறுங்க. உங்க கையப் புடிச்சுக் கேக்கறேன்... இல்ல, பிடிக்கல, வாத்தத் தொட்ட கை, ஆகாது."

அனந்தராமன் மாளவிகாவைப் பார்த்தார். அவள் வடகரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் கண்ணுக்கு அங்கே புள்ளிகள்தான் தெரிந்தன, மெதுவாகச் சுற்றுகிற புள்ளிகள்.

"நிஜமா வாத்துதானே மாமா?"

"வாத்துதான்."

அவள் அந்த முகத்தைப் படித்தாள். கோபி பஸ் ஸ்டாண்டில் மருமகளாக முதன்முதலில் இறங்கியபோது, "பெட்டிய நீ தூக்காத அம்மிணி" என்று வாங்கிக்கொண்ட முகம். அது பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

"சரி. ஆனா இனிமே வீட்டுக்குள்ள நீங்க என் பக்கத்துல வராதீங்க. அங்க திரும்பப் போகவும் வேண்டாம்."

"பக்கத்துல வரல" என்றார். இரண்டாவதற்குப் பதில் சொல்லவில்லை. அனந்தராமன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்குத் தட்டு பால்கனியில். காரில் பின்சீட், முகத்தில் மாஸ்க், ஜன்னல் திறந்தபடி. படுக்கையும் ஹாலிலிருந்து கதவோரத்துக்குப் போனது. சாந்தாமணி சண்டை பிடித்தாள். "எம்பையனத் தேடப் போன மனுசன நாய்க்கு வெக்கிற மாதிரி வெளிய வெச்சுச் சோறு போடறமே" என்று மருமகளிடம் குமுறினாள். நஞ்சுண்டன் பால்கனியிலிருந்தே, "அவ சொல்றதுதாஞ் சரி, நீ உள்ள போ" என்று அதட்டினார். குளிரில் ஆறிப்போன சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, விடியும் முன்பே கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். கதவின் மெல்லிய சத்தம் மாளவிகாவுக்குக் கேட்கும். கேட்டும் படுத்துக் கிடந்தாள். மகனைத் தேடாதே என்று ஒரு தகப்பனிடம் எத்தனை முறை சொல்வது?

*

கடைசி ரேடியேஷன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிந்தது.

ஆஸ்பத்திரி ஹாலில் ஒரு பித்தளை மணி தொங்கியது. சிகிச்சை முடிந்தவர்கள் அடிக்க வேண்டும், நர்ஸ்கள் கைதட்டுவார்கள். மாளவிகா மணியைத் தாண்டி நடந்து வெளியே வந்தாள். பார்க்கிங்கில் காருக்கு வெளியே நஞ்சுண்டன் காத்துக்கொண்டிருந்தார், மாஸ்க்கோடு, எட்டியே.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா."

"இனி வர வேண்டியதில்ல?"

"வேண்டியதில்ல. இனிமே மாத்திரைதான். கொஞ்ச வருஷம் சாப்பிடணும்."

"அது கோயமுத்தூர்ல கெடைக்குமா?"

"எல்லா எடத்துலயும் கெடைக்கும்."

"டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரா? அப்பறம் வந்து, இல்ல, இன்னும் கொஞ்சம் வெக்கோணும்னு சொல்லமாட்டாரே?"

"மாமா, முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. ஏன் இப்படி நச்சரிக்கறீங்க?"

அவர் மாஸ்க்கைக் கழற்றினார். பல நாளாகச் சரியாகப் பார்க்காத முகம். கன்னம் ஒட்டி, தாடி வெளுத்து, உதடு குளிரில் வெடித்திருந்தது. 

"வண்டிய ஏரிக்கு உடு அம்மிணி."

 ஏரிப் பார்க்கிங்கில் இறங்கியதும் அவர் வடக்குப் பக்கம் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். மரங்களில் சிவப்பாக மொட்டு விட்டிருந்தது. நாணலுக்குள்ளிருந்து பிளாக்பேர்டுகள் கதவுக்கீல் மாதிரிக் கிறீச்சிட்டன. கயிறும் போர்டும் வந்தன. நஞ்சுண்டன் பார்க்காமலேயே கயிற்றை உயர்த்தி அவளுக்குப் பிடித்தார், தன் வீட்டுப் படலைத் திறக்கிறவரைப் போல.

"வாத்து..." என்றாள் மாளவிகா.  "காய்ச்சல்னு சொன்னீங்களே."

"ஒரு வாத்தும் இல்ல கண்ணு. மெதுவா வா, வழுக்கும்."

பாதை இல்லாத இடத்தில் பாதை இருந்தது. ஒரே ஆளின் கால் போய்ப் போய் வரப்பு மாதிரி இறுகிய பாதை. அது முடிந்த இடத்தில் தண்ணீர் ஓரமாகப் பைன் கிளைகள், கூரை வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கல் வைத்திருந்தது. மேல்வரிசைக் கிளைகள் பச்சையாக இருந்தன. அடிவரிசை பழுத்துப் பழுப்பாகியிருந்தது.

பட்ட மரத்தில் தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்த கழுகுகள் அவரைக் கண்டதும், அவர் கையை ஓங்கும் முன்பே, கனத்த இறக்கையோடு கிளம்பி ஏரியைத் தாண்டிப் போயின.

 மாளவிகா மண்டியிட்டு உட்கார்ந்தாள். கிளைகளைத் தொடவில்லை. அவற்றுக்குக் கீழே, நீல நிற ஜாக்கெட்டின் ஒரு விளிம்பு.

"அத்தைக்கு?"

"தெரியாது. இனிமேத்தான் சொல்லோணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே போன் பண்ணியிருப்பே."

"பண்ணியிருப்பேன்."

"ஆமா." அவர் பக்கத்தில் குந்தினார். சரிந்திருந்த ஒரு கிளையை எடுத்து மறுபடி சரியாக வைத்தார். "இப்பப் பண்ணு."

போன் கையில் இருந்தது. அவளால் எண்ணை அழுத்த முடியவில்லை.

"எப்ப மாமா? எப்பக் கண்டுபிடிச்சீங்க? தேடித் தேடி..."

"நான் எங்க கண்ணு தேடுனேன்?" என்றார் நஞ்சுண்டன், கிளையிலிருந்து கையை எடுக்காமலே. "ஐஸு விட்ட அன்னிக்கே அவன் இங்க வந்து ஒதுங்கிப்போட்டான். அதுக்கப்பறம் நான் தெனமும் வந்தது கழுகு ஓட்டறதுக்கு."